கமலாவை முகட்டில் விட்டுவிட்டுப் போனது

ஜூலை 10, வியாழன்

மாலையில் நல்ல மழை, ஆறு மணிக்கு விட்டது. பை கட்டியாயிற்று. தண்ணீர் மூன்று லிட்டர், ரொட்டி, உப்பு, அட்டைக்கு மருந்து, விசில். நாளை வெள்ளி, இங்கே வார விடுமுறை. பாலிங் பக்கம் மலை. முகட்டின் மேலேயே ஏழு உச்சி ஏறி இறங்க வேண்டும், முழு நாள் நடை. ஒன்பது பேர். குழுத் தலைவர் ராஜன் இந்தத் தடவை என்னை ஸ்வீப்பராகப் போட்டிருக்கிறார். கடைசியில் நடப்பவன். எனக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது. பெருமைதான். மனைவி ஸ்டெல்லாவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

ஜூலை 12, சனி

நேற்று எழுதவில்லை. கால் வலியால் அல்ல.

நேற்று காலை ஏழுக்கு ரப்பர் தோட்டத்து முனையில் தொடக்கம். கமலா குழுவுக்குப் புதுசு. மெர்போக்கில் பள்ளி கேண்டீனில் சமைக்கிறார். சர்க்கரை வியாதி, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது உச்சியிலேயே மூச்சு வாங்கியது. பத்து அடி, ஒரு நிறுத்தம். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் பின்னால் நின்று கடிகாரம் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஐந்தாவது உச்சியில் ஒரு பாறை. அங்கே நின்றால் தாய்லாந்து மலைகள் தெரியும் என்று எல்லாரும் சொல்வார்கள். மேலே சிரிப்புச் சத்தம், படம் எடுக்கிறார்கள். கிழக்கே மேகம் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கால் மணி போனால் ஒன்றும் தெரியாது.

பாதை ஒன்றுதான், நேராக வாங்க, மேலே நிற்கிறேன் என்றேன்.

“கொஞ்சம் நில்லுங்கண்ணே. கால் நடுங்குது.”

காதில் விழுந்தது. விழாத மாதிரி நடந்தேன். ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். போய்விட்டேன்.

மேலே போய்ப் படம் எடுத்துக்கொண்டேன். கையை விரித்து, பல் தெரிய.

அரை மணி ஆகியும் கமலா வரவில்லை. இறங்கிப் போனேன். பாதை ஒன்றுதான் என்று சொன்னேனே, அது பொய். மூங்கில் புதர் அருகே இரண்டாகப் பிரிகிறது, வரும்போது நான் கவனிக்கவே இல்லை. விசில் ஊதினேன். பதில் இல்லை. மழை பிடித்தது. ஃபோனில் லைன் இல்லை. உதவி கூப்பிட ஐந்து பேர் இறங்கிப் போனார்கள். ராஜனும் இன்னொருவரும் நானும் தேடினோம். மூன்று மணி நேரம். இறந்திருந்தால் என்ன சொல்வது என்று யோசித்தேன். எப்படித் தப்பிப்பது என்றும் யோசித்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

நாலு மணி வாக்கில் பெத்தாய்க் காய் பறிக்க வந்த ஒரு பாக்சிக், வயதான மலாய்க்காரர், அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். ஓடைப் பள்ளத்தில் விழுந்து கிடந்தாராம். முட்டி கிழிந்திருந்தது, உள்ளங்கையெல்லாம் பிரம்பு முள். கடைசியில் வந்தது யார் என்று பாக்சிக் மலாயில் கேட்டார். நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

கமலாதான் பேசினார்.

“நாதான் அண்ணன முன்னுக்குப் போகச் சொன்னேன். அவரு மேல ஒண்ணும் இல்ல லா.”

ராஜன் என் தோளைத் தட்டினார்.

ஜூலை 13, ஞாயிறு

வேலை. கிடங்கில் லாரி தாமதம். ஸ்டெல்லா அந்தப் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறாள். மச்சான் பாராட்டு. மழையில் மூன்று மணி நேரம் தேடினேன் என்பதும் பரவிவிட்டது. கோயிலில் இரண்டு பேர் கை கொடுத்தார்கள்.

ஜூலை 15, செவ்வாய்

கடும் வெயில். அரை நாள் லீவு போட்டு மெர்போக் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு. கமலா முட்டியில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் மனப்பாடம் செய்தது மறந்துவிட்டது. நீங்கள் நிற்கச் சொன்னது எனக்குக் கேட்டது என்றேன்.

“தெரியும்ணே. திரும்பிப் பாத்தீங்களே.”

பிறகு ஏன் எனக்காகப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

“உங்களுக்காக இல்ல. உள்ளத சொன்னா, மெதுவா நடக்குறவங்கள இனிமே சேக்க வேணாம்னு முடிவு பண்ணிருவாங்க. வேலைய விட்டா எனக்குப் போக இருக்குற எடம் இது ஒண்ணுதாண்ணே.”

தேத்தண்ணி கொடுத்தார். குடித்தேன். மன்னிப்புக் கேட்டேனா என்று இப்போது நினைவில்லை. கேட்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

ஜூலை 16, புதன்

முதலில் ஸ்டெல்லாவிடம் உள்ளதைச் சொன்னேன். குடும்பக் குழுவில் இருந்த படத்தை அழித்தாள், துணி காயப்போடப் போய்விட்டாள்.

பிறகு நடைக் குழுவில். நாலு தடவை எழுதி அழித்தேன். அனுப்பியது இவ்வளவுதான்: “கமலா என்னைப் போகச் சொல்லவில்லை. நிற்கச் சொன்னார். கேட்டும் போனேன். தப்பு என்னுடையது, மெதுவாக நடந்தவருடையது அல்ல.”

ராஜன் கூப்பிட்டார். இனி ஸ்வீப்பர் வேண்டாம் என்றார். சரி என்றேன். ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று கேட்டார்.

மாலையில் கமலா குழுவில் எழுதியிருந்தார்.

“அடுத்த மாசம் நா வரேன். அண்ணனும் வரட்டும். எனக்கு முன்னுக்கு நடக்கட்டும், நா பாத்துக்கிட்டே வரேன்.”

போவீர்களா என்று ஸ்டெல்லா கேட்டாள். போகணும் என்றேன்.