பூனை மூத்திரம் பற்றித் தம்பிக்கு

டேய் தம்பி,

பூனை பிழைத்துவிட்டது. நேற்று உன் நீலச் சட்டைமேல் சொட்டுச் சொட்டாக மூத்திரம் போனதற்கு, "திமிருடா உனக்கு"ன்னு பால்கனியில் தள்ளிக் கதவைச் சாத்தினாயே, அது திமிர் இல்லை. மூத்திரக் குழாயில் அடைப்பு. "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா செத்திருக்கும்"னு ராத்திரி தூக்கிப்போனபோது டாக்டர் சொன்னார்.

நான் வேலைக்குக் கிளம்புகிறேன். மதியம் மாத்திரையைப் பொடித்துச் சாப்பாட்டில் கலந்து வை. தண்ணீர்க் கிண்ணம் காலியாகக் கூடாது.

மூத்திரத்தில் ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். வெள்ளைத் துணியில்தான் நிறம் நன்றாகத் தெரியும். நாளைய இன்டர்வியூவுக்கு நீ இஸ்திரி போட்டு மாட்டியிருந்த சட்டையை விரித்திருக்கிறேன்.

பி.கு: நீலச் சட்டையை நான் துவைக்கவில்லை.

இன்னொன்று: நன்றாகப் போகும்படி பூனையின் காதில் சொல்லியிருக்கிறேன். போனதும் தலையைத் தடவிக் கொடு.

அக்கா