தேதிப் பத்தி மட்டும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். அம்மாவுக்கு முழங்கால் வலி இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறியிருக்கிறது, மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டாள், துணி உலர்த்துவது இப்போது என் வேலை. மூன்று நாளாக மழை விடவில்லை, பின் அறைச் சுவரில் ஈரம் இடுப்பளவுக்கு ஏறிவிட்டது, உன் பழைய புத்தக அலமாரியை நடு அறைக்கு நகர்த்தி வைத்திருக்கிறோம். உன் தம்பி போன வாரம் வந்து ஒரே ஒரு நாள் தங்கினான், இளைத்துப்போயிருக்கிறான், கேட்டால் வேலை அப்படி என்கிறான், அதற்கு மேல் அவன் வாயைக் கிண்ட முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ இரண்டு விஷயம் கேட்டாய். என் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் ஷீட்டில் வேகமாக வேலை செய்வது எப்படி என்று ஒரு குறிப்பு எழுதுகிறேன், உங்களுக்கு எது உதவியது என்று சொல்லுங்கள் அப்பா என்றாய். பிறகு, ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வேலையை ஏன் விட்டீர்கள், யாராவது உங்களை ஓரங்கட்டினார்களா என்றும் கேட்டாய். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் அம்மாடி, அதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து நிதானமாகப் படி.

எங்கள் ஸ்கேன் பிரிவில் யாருக்கு எந்தத் தேதி என்பதைப் பெரிய பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தோம், பிறகு அதெல்லாம் ஒரே ஷீட்டுக்கு மாறியது, இது உனக்குத் தெரியும். தலைமை எழுத்தர், கவுண்டரில் உட்காரும் அம்மா, நான், மூன்றே பேர். எனக்கு ஒரு விரலால் தட்டத்தான் தெரியும். ஞாயிறுதோறும் நீ பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாய், நான் நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். கண்ட்ரோலோடு கீழ் அம்புக்குறியைத் தட்டினால் பட்டியலின் அடிக்குப் போய்விடலாம், கண்ட்ரோலோடு எஃப் தட்டிப் பெயரை அடித்தால் கண்ணால் தேட வேண்டாம், தலைப்பு வரியை உறைய வைத்தால் எவ்வளவு கீழே போனாலும் அது மேலேயே நிற்கும், இன்றைய தேதி வேண்டுமென்றால் கண்ட்ரோலோடு அரைப்புள்ளி. உன் குறிப்பில் இவை நான்கையும் முதலில் போடு, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாவது மிச்சமாகும், நான் பார்த்தது. நான்கு மாதத்தில் எனக்கு மின்னல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மின்னலைக் கேளுங்கள் என்று டாக்டரே சொல்லி ஆள் அனுப்புவார். ஐம்பத்தாறு வயதில் அப்படி ஒரு பெயர் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் தலைமை எழுத்தர் வந்து, பட்டியல் பதிவு செய்த வரிசையில் இருக்கிறது, தேதி வரிசையில் வேண்டும், நாளைக் காலையில் அதை வைத்துத்தான் எல்லாருக்கும் குறுஞ்செய்தி போகப்போகிறது என்றார். முந்நூற்றுச் சொச்சம் பேர். நான் மேலிருந்து கீழே ஓடும் தேதிப் பத்தியை மட்டும் பிடித்துக்கொண்டு வரிசைப்படுத்து என்று அழுத்தினேன். திரையில் ஒரு பெட்டி வந்தது, பக்கத்தில் உள்ள விவரங்களையும் சேர்த்துக்கொள்ளவா, பிடித்திருப்பதை மட்டும் வைத்துத் தொடரவா என்று கேட்டது. சேர்த்துக்கொள் என்றால் வேறு எதையாவது கலைத்துவிடும் என்று பயந்து, மட்டும் என்பதை அழுத்தினேன். தேதிகள் அழகாக ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து நின்றன. பெயர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. சேமித்தேன், மூடினேன், குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை, தலைமை எழுத்தர் முதுகில் தட்டினார்.

என்ன ஆயிற்று என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன். ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் வேறு ஒருவருடைய தேதி வந்துவிட்டது. பட்டியலின் மேலே இருந்தவர்கள் எப்போதோ பதிவு செய்த வருஷாந்தரப் பரிசோதனைக்காரர்கள், அவர்களுக்கு அடுத்த வாரமே தேதி போயிற்று. டாக்டர் அவசரம் என்று எழுதி அனுப்பிய புது ஆட்கள் அடியில் இருந்தார்கள், அவர்களுக்கு இரண்டு மாதம், இரண்டரை மாதம் தள்ளிப் போயிற்று. சீக்கிரம் கூப்பிட்டால் யார் குறை சொல்லப் போகிறார்கள், சந்தோஷமாக வந்தார்கள். மெஷின் ஒரு நாள்கூடச் சும்மா இருக்கவில்லை, அதனால் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த திங்கட்கிழமை கவுண்டர் அம்மா விடுப்பு, அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு தையல்காரர் வந்தார், பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருப்பவர், தொண்டையில் கட்டி. கையில் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. சீட்டில் வருகிற ஒன்பதாம் தேதி போட்டிருக்கிறது, போனில் வேறு தேதி வந்திருக்கிறது, எது சரி என்று கேட்டார். நான் சீட்டைக் கையில் வாங்கவே இல்லை. பெயரைக் கேட்டேன், கண்ட்ரோல் எஃப், தட்டினேன், இரண்டு விநாடியில் அவர் வரி வந்து நின்றது. போனில் வந்த தேதிதான் சரி, சீட்டு பழசு என்றேன். டாக்டர் அவசரம் என்று சொன்னாரே என்று இழுத்தார். கம்ப்யூட்டர்ல இருக்கறதுதாங்க கடைசி, அது தப்பா போடாது என்றேன். எவ்வளவு வேகமாகத் தேடினேன் என்று அவர் பார்த்தாரா என்றுகூட ஒரு பார்வை பார்த்தேன், அதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. சரிங்க என்று சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐந்து வாரம் கழித்துத்தான், நான் அனுப்பிய அவசர ஆட்கள் ஒருவரும் வரவில்லையே என்று டாக்டர் கேட்டார். நான் ஷீட்டைத் திறந்து மேசைக்கடியில் அட்டைப்பெட்டியில் கிடந்த சீட்டு நகல்களோடு ஒத்துப் பார்த்தேன், முதல் நான்கு சீட்டில் ஒரு தேதிகூடப் பொருந்தவில்லை. செய்ததைப் பழையபடி திருப்பும் கண்ட்ரோல் இசட் எல்லாம் ஃபைலை மூடும்வரைதான். அதற்கு முந்தைய நகலும் வைத்திருக்கவில்லை. கவுண்டர் அம்மாவும் நானும் இரண்டு நாள் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் எல்லாருக்கும் போன் போட்டோம். அவசர ஆட்கள் பதினொரு பேர். பத்துப் பேருக்குக் கெடுதல் இல்லை என்று வந்தது. தையல்காரருக்குக் கட்டி பரவியிருந்தது. அந்த ஐந்து வாரத்தால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர், இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். மென்பொருள் கோளாறு என்று தலைமை எழுத்தர் ஒரு அறிக்கை தயார் செய்தார். எங்கள் மூன்று பேர் கையெழுத்தும் அதில் இருக்கிறது. என்னுடையது இரண்டாவது.

இரண்டு மாதம் கழித்து மருந்தேற்றும் அறைக்கு வெளியே தையல்காரரைப் பார்த்தேன். முடியெல்லாம் போய்விட்டது, குரல் காற்றாக வந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்து நாற்காலியைக் காட்டினார். சாஃப்ட்வேர் கோளாறுன்னு சொன்னாங்க, மெஷின் பண்ணதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க பாவம் என்றார். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தலையை ஆட்டினேன். தலையை ஆட்டினேன் அம்மாடி, வாயைத் திறக்கவில்லை. அந்த வாரமே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தேன், முதுகுவலி என்று காரணம் போட்டேன். யாரும் என்னை ஓரங்கட்டவில்லை.

போன மாதம் அவர் இறந்துவிட்டார். கவுண்டர் அம்மாதான் போன் பண்ணிச் சொன்னாள். பத்து நாள் அவர் கடை இருக்கும் தெருவில் சுற்றிச் சுற்றி வந்தேன், பிறகு அவர் கடைக்குப் போனேன். வீடும் அதுதான், முன்னால் கடை, பின்னால் ஒரே அறை. பாதி வெட்டிய துணிகள் மேசையில் அப்படியே கிடந்தன, மேலே சுண்ணாம்புக் கோடு. அவருடைய மனைவி தையல் மெஷினுக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், பெட்டி கேட்டது, நான் அழுத்தியது, சீட்டை வாங்காதது, கையெழுத்து, அந்த நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தது. அவர் அழவில்லை, திட்டவில்லை. சாகற வரைக்கும் அந்த ஆஸ்பத்திரி மெஷினைத்தான் திட்டிக்கிட்டிருந்தாரு, நீங்க சொன்னதையெல்லாம் எழுதிக் குடுங்க என்றார். அளவு எழுதும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினார். இரண்டு பக்கமும் எழுதி, பெயர் போட்டுக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். அதை வைத்து அவர் ஆஸ்பத்திரியில் மனுக் கொடுத்திருக்கிறார், வருகிற செவ்வாய்க்கிழமை விசாரணை. என்ன வரும் என்று தெரியவில்லை. தலைமை எழுத்தர் வீட்டுக்கே வந்து, மூன்று பேர் குடும்பத்தையும் சந்தியில் நிறுத்திவிட்டீர்களே என்று கேட்டுவிட்டுப் போனார். கவுண்டர் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

உன் குறிப்புக்கு வருகிறேன், நான்கு குறுக்குவழியோடு நிறுத்திவிடாதே. ஷீட்டைத் தொடும் முன்னால் அன்றைய தேதியைப் பெயரில் போட்டு ஒரு நகல் எடுத்து வைக்கச் சொல். முதல் பத்தியில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு அதை யாரும் மாற்றாமல் வைத்திருந்தால், யார் எப்படி வரிசைப்படுத்தினாலும் அந்த எண்ணை வைத்துப் பழைய வரிசைக்குத் திரும்பிவிடலாம். எல்லாவற்றையும் ஒரே அட்டவணையாக மாற்றிவிட்டால் ஒரு பத்தி மட்டும் தனியாக நகராது, இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒருவரை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் வரிசையை மாற்றவே தேவையில்லை, ஃபில்டர் போட்டு வடிகட்டிப் பார்த்தால் போதும். மாதத்தை எண்ணாகப் போடாமல் எழுத்தாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் நாள் மாதமாகவும் மாதம் நாளாகவும் மாறிவிடும். வேலை முடிந்ததும் மேலே ஒரு வரி, நடுவில் ஒரு வரி, அடியில் ஒரு வரி எடுத்துக் காகிதத்தோடு ஒத்துப் பார்க்கச் சொல். அதற்கு மூன்று நிமிஷம் ஆகும். திரை ஒரு பெட்டியைக் காட்டி எதையாவது கேட்டால், கையை எடுத்துவிட்டு முழுதாகப் படிக்கச் சொல். நீ சொல்லிக் கொடுத்ததில் ஒரு குறையும் இல்லை, அப்படி நினைத்து உன்னை வருத்திக்கொண்டால் நான் இதை எழுதியதற்கே அர்த்தமில்லாமல் போகும்.

அம்மாவிடம் இதெல்லாம் சொன்னது இந்த வாரம்தான். இரண்டு நாள் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நேற்றுக் காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, செவ்வாய்க்கிழமை நானும் வரேன் என்றாள். கால் வலியோடு எதற்கு, அங்கே இரண்டு மாடி ஏற வேண்டும் என்றேன். நீங்க அங்க சொல்றதை நான் கேட்கணும் என்றாள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். இன்று தன் செருப்புக்கு வார் மாற்றி வாங்கி வந்திருக்கிறாள்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி அண்டாமல், மனதில் மறைத்து வைக்க ஒன்றும் இல்லாமல், நீண்ட நாள் வாழ வேண்டும். இந்தக் கடிதத்தைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பிவிடாதே, அவனுக்கு நானே என் கையால் தனியாக எழுதுகிறேன், என்னிடமிருந்துதான் அவன் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
உன் மேல் அன்பு குறையாத
அப்பா