தலையில் வைத்த கை

தணிகை முருகன் துணை

திருத்தணி
2-7-2005

என் அருமை மகள் வள்ளிநாயகிக்கு உன் நைனா துளசிங்கம் ஆசீர்வாதம் செய்து சொல்லிக்கொண்டே வர, உன் அண்ணி தமயந்தி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் அண்ணன் ராஜவேலுவும் இருக்கிற மாதிரியே இருக்கிறோம், உன் அம்மாவுக்கு முழங்கால்தான் மலைப்படியைப் பார்த்தாலே வலிக்கிறது என்கிறாள். அங்கே சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் கதிரவனும் சுகமா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கச் சொல்வேன், நீயும் சுகம் என்று எழுதுவாய், அது ஒரு பழக்கமாகப் போய்விட்டது. இந்தத் தடவை பழக்கத்துக்குக் கேட்கவில்லை நாயகி. அதனால்தான் தபாலில் போடாமல் டீக்கடை கிரிதர் மகள் பத்மஜா கையில் கொடுத்தனுப்புகிறேன். அவளுக்கு உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. உன் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளையே கேட்டாலும் கூட வரும் ஊறுகாய் பாட்டிலை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடு என்று சொல்லியிருக்கிறேன். நீ தனியாக இருக்கும்போது படி.

நீ அனுப்பிய சிடி எல்லாம் பார்த்தாகிவிட்டது. எப்படி இருக்கிறது என்று எழுதச் சொல்லியிருந்தாயே, அதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் அந்தப் படகுப் படம். அது எனக்குப் பிடிக்கவில்லை. படம் முழுக்க மழை, அப்பனும் பிள்ளையும் ஒரே படகில் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறார்கள், ஒருத்தரும் ஒரு வாய் சோறு தின்னவில்லை. ராஜவேலு பாதியிலேயே இன்னா நைனா, இவங்க மீனு புடிக்கப் போறாங்களா, இல்ல மீனு வந்து இவங்களப் புடிக்கப் போவுதா என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். ஆனால் கடைசியில் அந்தக் கிழவன் மகனுடைய ஈரச் சட்டையை அவன் பார்க்காத நேரத்தில் பிழிந்து காயப்போடுகிறான் பார், அந்த இடம் மட்டும் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அதற்காக அந்த மழையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பெரிய பெட்டியில் வந்த கொரியா தொடர்தான் எங்கள் வீட்டையே பிடித்துக்கொண்டது. சாயந்திரம் கரண்டு இருந்தால் போதும், எதிர்வீட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கீழே ஒரு வரி சீனாக்காரன் எழுத்தும் ஒரு வரி இங்கிலீஷும் ஓடுகிறது, தமயந்தி அந்த இங்கிலீஷைப் படித்துப் படித்துச் சொல்வாள், அவள் ஒரு வரி சொல்வதற்குள் அவர்கள் மூன்று வரி பேசிவிடுவார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது, காதும் தறி ஷெட்டிலேயே பாதி போய்விட்டது, கீழே ஓடுவது எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரிதான். அதனால் நான் முகத்தையும் கையையும் மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தேன். நம் ஊர்த் தொடரில் அழ வேண்டும் என்றால் மூன்று பேர் சேர்ந்து அழுவார்கள், கதவு ஆடும், இடி இடிக்கும், நாம் பக்கத்து அறையில் இருந்தாலும் தெரியும். இதில் அந்தப் பெண் அழுவதே இல்லை. அவள் எங்கே அழுகிறாள் என்று நாம்தான் தேட வேண்டியிருக்கிறது. அவள் புருஷன் பேங்கில் வேலை செய்பவன், பார்க்க லட்சணமாக இருப்பான், குரலை உயர்த்தியதே இல்லை, கதவைக்கூடச் சத்தம் வராமல்தான் சாத்துவான். எதிர்வீட்டுப் பெண்களுக்கு அவன் மேல் அவ்வளவு பிரியம். எனக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே அவனைப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டார்கள். அவள் சாப்பிடும்போது அவன் ஒரு தடவைகூட அவளைப் பார்க்கவில்லை, அவளோ கையில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அவன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறாள், அவன் வைத்தால் வைப்பாள், எடுத்தால் எடுப்பாள், பயப்படுகிறவள்தான் அப்படிச் சாப்பிடுவாள் என்றேன். தமயந்தி கீழே படித்துவிட்டு, இல்ல மாமா, நான் சந்தோசமா இருக்கேன்னுதான் சொல்றா என்றாள். ஆங், வாய் அப்படித்தான் சொல்லும், கையைப் பாரு என்றேன்.

பிறகு ஒரு நாள் அந்தப் பெண் ஒரே ஒரு பையை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாள். உன் அம்மாவுக்கு வந்ததே கோபம். இன்னா கொறை அவளுக்கு, அடிச்சானா, குடிச்சானா, இன்னொருத்திய வெச்சிக்கினு இருந்தானா, இப்புடி ஒரு புருஷன் கெடைக்க மாட்டானான்னு எத்தினி பேரு மலை ஏறி வேண்டிக்கினு கீறாளுங்க என்று டிவியைப் பார்த்தே திட்டினாள். எதிர்வீட்டுப் பெண்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். நான் ஒருவன்தான் அவள் பக்கம். யோவ், உனுக்கு இன்னா தெரியும், நீ வாயப் பாத்தே கத சொல்றவன் என்று உன் அம்மா என்னை ஓரம் கட்டினாள். நான் பார்த்ததெல்லாம் சரியென்றும் சொல்ல மாட்டேன் நாயகி. அந்தப் புருஷனுக்கு ஒரு அக்காள் இருக்கிறாளே, உதட்டை இறுக்கிக்கொண்டு முறைத்துக்கொண்டே திரிவாளே, அவள்தான் வீட்டுக்கு விஷம் என்று நான் அடித்துச் சொன்னேன். கடைசியில் பார்த்தால் பின்கதவைத் திறந்துவிட்டு, அந்தப் பெண் கையில் ரயில் டிக்கெட்டைக் கொடுத்து அனுப்பியவளே அவள்தான். முகத்தைப் பார்த்துச் சொல்வதில் எனக்கும் தப்பு வரும் என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், இனிமேல் சொல்லப்போவதற்கு அது வேண்டும்.

அதே பெட்டிக்குள் பேரன் பிறந்தநாள் சிடியும் இருந்தது. நீ அனுப்பிய அளவுக்குத் தொடர் தீர்ந்த மறுநாள் அதைப் போட்டோம். வீடியோக்காரன் வழக்கம்போல ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பாட்டை ஏற்றிவிட்டான், யார் பேசுவதும் கேட்கவில்லை, எல்லோரும் வாயை அசைக்கிறார்கள். மற்றவர்களுக்கு அது குறை, எனக்கு அது ஷெட்டுக்குள் போன மாதிரி இருந்தது. கதிரவன் கேக்கில் கை வைத்தான், எல்லாரும் சிரித்தார்கள், நல்லது. அப்புறம் மாப்பிள்ளை ராஜகோபால் உன் பக்கம் குனிந்து காதில் ஏதோ நாலு வார்த்தை சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை, அவர் வாய் அந்தப் பக்கம் இருந்தது. நீயும் உடனே சிரித்தாய். அப்புறம் காமிராவை நேராகப் பார்த்து வலது கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்தாய். வைத்து எடுத்தாய். மறுபடியும் வைத்தாய்.

பாத்தியாடா, தலையில கை வெக்குது என்றேன். ராஜவேலு, தங்கச்சி பூவ சரி பண்ணுது நைனா, நீ அந்தக் கொரியாக்காரியப் பாத்துப் பாத்து எல்லாத்தையும் அப்புடியே நெனைக்கிற என்றான். உன் அம்மா எழுந்து அந்த சிடியை முதலிலிருந்து போடச் சொன்னாள். கிட்டப் போய் நின்று பார்த்தாள். பூவே வெக்கலியேடா, பெத்த புள்ள பொறந்தநாளுக்குத் தலையில ஒரு முழம் பூவு இல்லியே என்றாள். சிங்கப்பூர்ல பூவு வெல ஜாஸ்தி அத்தை என்று தமயந்தி சமாதானம் சொன்னாள். இருக்கலாம். சும்மா முடியைக் கோதியும் இருக்கலாம். அதை நீதான் சொல்ல வேண்டும்.

உனக்கு மறந்திருக்காது, இருந்தாலும் சொல்கிறேன். பள்ளிப்பட்டு ஷெட்டில் தறி ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது, எல்லாம் கையாலேதான் பேசுவோம். விரலோடு விரலைத் தேய்த்தால் இழை அறுந்துவிட்டது, மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறான், வயிற்றைத் தட்டினால் சோறு வந்துவிட்டது. மீசை முறுக்குவதை முதலில் கற்றுக்கொண்டவள் நீதான், மேஸ்திரிக்கு எதிரிலேயே முறுக்கிக் காட்டி என்னைத் திட்டு வாங்க வைத்தாய். உச்சந்தலையில் உள்ளங்கை வைத்தால் நிறுத்து என்று அர்த்தம். அதை யாரும் விளையாட்டுக்குச் செய்ய மாட்டார்கள். எனக்குச் சோறு கொண்டுவந்த அன்றைக்கு உன் பாவாடை மோட்டார் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. நீ கத்தியிருந்தால் யாருக்கும் கேட்டிருக்காது. நீ கத்தவில்லை, என்னைப் பார்த்து உச்சந்தலையில் கை வைத்தாய். நான் அந்தக் கோடியிலிருந்து ஓடி மெயின் ஸ்விட்சை இறக்கினேன், ஷெட்டே நின்றுபோனது. முதலாளி ஓடிவந்து, எவன்டா நிறுத்தினவன், இன்னாத்துக்குடா நிறுத்தின என்று குதித்தார். நான்தான் நிறுத்தினேன், இன்னாத்துக்குன்னு இனிமேதான் பாக்கணும் என்றேன். எங்கள் ஷெட்டில் அதுதான் வழக்கம். கையைப் பார்த்தவன் முதலில் நிறுத்துவான், அப்புறம்தான் கேட்பான். கேட்டுவிட்டு நிறுத்தலாம் என்று நின்றவன் ஒருவன் இருந்தான், அவனுடைய கூட்டாளிக்கு இன்றைக்கும் இடதுகையில் விரல் இல்லை.

மாப்பிள்ளையைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. மரியாதையாகப் பேசுகிறார், தீபாவளிக்குத் துணி அனுப்புகிறார், குடி கிடையாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லையே என்பதுதான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. போன் செய்தால் அவர்தான் எடுக்கிறார், அப்புறம்தான் நீ வருகிறாய், ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் தங்கச்சி கொஞ்சம் நின்று நின்று பேசுகிறது என்று ராஜவேலுவே இப்போது சொல்கிறான், இத்தனை நாள் லைன் சரியில்லை என்று நினைத்திருந்தானாம். இதையெல்லாம் எழுதட்டுமா மாமா என்று தமயந்தி பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள். எழுதும்மா, ஒன்றையும் விடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

அதனால் நான் என்ன செய்திருக்கிறேன் என்று கேட்டுக்கொள். ஆடிக் கிருத்திகை வருகிறது. கதிரவனுக்கு இந்த மலையில் முடி இறக்குவதாக உன் அம்மா வேண்டிக்கொண்டது அப்படியே நிற்கிறது. அதைச் சொல்லிக்கொண்டு கிளம்பி வா, சாமி காரியத்தை யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்றால் நீயும் குழந்தையும் மட்டும் வாருங்கள், இரண்டு பேருக்கும் டிக்கெட் ஏற்பாட்டை ராஜவேலு பார்த்துக்கொள்கிறான், அவனும் இப்போது என் பக்கம்தான். உன்னுடைய பாஸ்போர்ட்டும் குழந்தையுடையதும் யார் பெட்டியில் இருக்கிறது என்று முதலில் பார்த்து வை. எடுக்க முடியவில்லை என்றால் பத்மஜாவிடம் சொல், அவள் கெட்டிக்காரப் பெண், யாரைக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எனக்குப் பதில் எழுத வேண்டாம். நீ எழுதுவதை இன்னொருவர் படித்துத்தான் எனக்குத் தெரிய வேண்டும், இங்கே எல்லாம் நம் ஆட்கள்தான் என்றாலும் உனக்குக் கூச்சமாக இருக்கும். நேரில் வந்து சொல், சொல்லப் பிடிக்கவில்லை என்றால் சும்மா இரு. அடித்தானா குடித்தானா என்று இந்த வீட்டில் ஒருவரும் உன்னைக் கேட்க மாட்டார்கள். உன் அம்மா என்ன சொல்வாள் என்று யோசிக்கிறாய், தெரியும். அன்றைக்கு சிடியைப் பார்த்தவள் அதற்குப் பிறகு அந்தத் தொடர்ப் பெண்ணைத் திட்டவில்லை. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு பின்னறையில் கிடந்த நூல் மூட்டையெல்லாம் வெளியே தள்ளி, உன் கட்டிலைத் துடைத்துப் போட்டிருக்கிறாள். ஏண்டி என்று கேட்டதற்குப் பூச்சி வருதுய்யா என்றாள்.

நான் நினைப்பது தப்பாக இருந்தால் கிழவனுக்குப் பைத்தியம் என்று சிரித்துவிட்டுப் போ, அந்த நாத்தனார் விஷயத்தில் தோற்ற மாதிரி இதிலும் தோற்றுப்போனேன் என்று கிருத்திகை அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் சொல்லிக்கொள்கிறேன். சும்மா நிறுத்திய தறியை மறுபடி ஓட்ட ஒரு கைப்பிடியை இழுத்தால் போதும். ஆனால் நான் கையைப் பார்த்துவிட்டேன், நிறுத்தியும் விட்டேன். இப்போதுதான் கேட்கிறேன். என்னம்மா ஆச்சு?

பேரனுக்கு என் முத்தம். மலையில் இருப்பவன் உன்னையும் குழந்தையையும் தன் கண்ணிலேயே வைத்திருக்கட்டும், நீ நூறு வயது நல்லபடியாக இருக்க வேண்டும். ஊறுகாய் பாட்டிலை ஈரக் கரண்டி போடாமல் வைத்துக்கொள். அந்தத் தொடர் அவள் ரயில் ஏறியதோடு நின்றுவிட்டது, மீதியை யாரிடமும் கொடுத்தனுப்பாதே, நீ வரும்போது கையோடு எடுத்து வா, உட்கார்ந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
உன் நைனா
துளசிங்கம்
(இடதுகைப் பெருவிரல் ரேகை)

நாயகி, மாமாவுக்குப் படித்துக் காட்டாத இந்த ஒரு வரி என்னுடையது. பூ விலை ஜாஸ்தி என்று சொன்னது மாமா மனசு தாங்காது என்றுதான். கையை நானும் பார்த்தேன். வா.
தமயந்தி