பேரணிக்குப் போகும் பெரிய மனுஷன்

அன்புள்ள அம்மாவுக்கு,

சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை பத்தரை மணிக்கு உன் மகன் தலையில் ஹெல்மெட் சூடினான்!

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? என் முழங்காலில் சின்னச் சிராய்ப்பு, மருந்து போட்டாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிள் பேரணி. ஐயாயிரம் வண்டி வருமாம்! எங்கள் மெக்கானிக் பட்டறையே கிளம்புகிறது. முதலாளி, "நீயும் வர்றியாடா?" என்றார். "நான் இல்லாம பேரணியா? முன்னால போறதே நான்தான்!" என்றேன். ஆனால் ஞாயிறுதோறும் பேசுவதுபோல அன்று அந்த இரைச்சலில் உன்னோடு போனில் பேச முடியாது. மூன்று நாளாகப் போவதா, வேண்டாமா என்று மண்டைக் குடைச்சல். சனிக்கிழமையே பேசிவிடுவோமா? அப்பாவின் பழைய ஸ்வெட்டரை அனுப்பு. துவைக்காமலே அனுப்பு, அப்பா வாசனை அதிலேயே இருக்கட்டும்.

போகிறேன் அம்மா! முடிவாகிவிட்டது. முதலாளி கூப்பிடுகிறார், அவசரம்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இன்னும் வண்டி ஓட்டத் தெரியாது. ஓட்டிப் பழகப்போய்த்தான் அந்தச் சிராய்ப்பு. நேற்று முதலாளியிடம் ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்டா. ரிப்பேர் பார்த்த வண்டிய எல்லாம் ஆறு மாசமா தள்ளிக்கிட்டுதானே போற! என் பின்னாடி உக்காந்துக்க" என்றார்.

நான் சூடிய ஹெல்மெட் அவர் மனைவியுடையது. பூப்போட்டது.

உன் மகன்