இறக்கை பிடித்தவர்

7-1-73, ஞாயிறு

மைதானத்தில் இன்று இருந்தவர்கள்: வாத்தியார் ஜவஹர், விஞ்ச் வண்டி ஓட்டும் அன்வர் பாஷா, கல்லூரிப் பையன்கள் மூவர், என் வீட்டுக்காரர், நான். ஒரு நாயும்.

மாம்பலத்தில் ரயில் ஏறி, தாம்பரம் தாண்டிப் போக வேண்டும். யுத்த காலத்துப் பழைய ஓடுதளம். என்ஜின் இல்லாத விமானம் ஒன்று நிற்கிறது, கிளைடர் என்கிறார்கள். அந்தக் கோடியில் இருக்கும் விஞ்ச் கம்பியைச் சுருட்டி இழுக்க, பட்டம் போல மேலே ஏறுகிறது. ஏறியதும் மஞ்சள் குமிழை இழுத்தால் கம்பி கழன்றுவிடும். பிறகு காற்றும் முருகனும் விட்ட வழி.

எங்கள் பாத்திரக் கடைக்கு வந்த யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு வருஷப் பணத்தைக் கட்டிவிட்டு வந்து நிற்கிறார் இவர். முன் சீட்டில் இவர், பின் சீட்டில் வாத்தியார். இறங்கியதும் புல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். மேலே எப்படி இருந்தது என்று கேட்டேன். "கண்ணத் தொறந்தாத்தானட்டி தெரியும்" என்றார், என் காதில் மட்டும்.

கட்டிய பணம் திரும்பாதாம்.

"அப்ப நான் ஏறட்டுமா?" கேட்டது நான்தானா? நான்தான்.

21-1-73, ஞாயிறு

சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகி, ஊக்கு குத்திக்கொண்டேன். பையன்கள் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை, விமானப்படையில் இருந்தவராம்.

கண்ணாடிக்கு முன்னால் ஒரு சிவப்புக் கம்பளி நூல் ஆடுகிறது. திரும்பும்போது அது நேராக ஓடினால் கையும் காலும் ஒத்துப்போகிறது என்று அர்த்தம். எனக்கு ஓட்டும் குச்சியைப் பிடித்த கை மட்டும் வேலை செய்கிறது. மிதிகட்டை மேல் கால், சந்நிதியில் நிற்பது போல நிற்கிறது. "காலை மறந்துட்டீங்கம்மா, காலு!" என்று பின்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தார்.

இறங்கும்போது தடால். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கிளைடருக்கு ஒரே சக்கரம். நின்றால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கிளம்பும்போது ஒருவர் இறக்கை நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே ஓட வேண்டும். அந்த வேலையை இவர் எடுத்துக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுகிறார். "போதும் சார், விட்டுடுங்க" என்று வாத்தியார் சொன்னாலும் விடுவதில்லை.

4-2-73, ஞாயிறு

தரையைப் பார்ப்பதுதான் என் தப்பாம். "தரைய பாத்தா தரையில போய் முட்டுவீங்க. தூரத்துல பாருங்க, பனைமரத்தப் பாருங்க." பார்த்தேன். சக்கரம் தொட்டதே தெரியவில்லை.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மகள் ஜெயபாரதியின் பள்ளிப் புத்தகத்தை வைத்து இங்கிலீஷ் எழுத்துக் கற்றவள். இன்று உயரம் காட்டும் முள்ளை நானே படித்துச் சொன்னேன். அகங்காரம் வந்துவிடக் கூடாது.

12-2-73, திங்கள்

ரங்கநாதன் தெருவில் வளையல் கடை ஷரஃபுதீன் பாய் கூப்பிட்டுக் கேட்டார்: "இன்னாம்மா, பைலட் அண்ணாச்சி நேத்து எம்மாம் உயரம் போனாரு?"

கடைத்தெரு முழுக்க இவர்தான் பறக்கிறார் என்று பேச்சு! வீட்டில் கேட்டேன். "நானா சொன்னேன்? கிளாசுக்குப் போறோம்னேன். அவனுகளா நெனச்சுக்கிட்டானுக" என்று சட்டையில் இல்லாத பித்தானைத் தேடினார். சிரிப்பு வந்தது. கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது.

25-2-73, ஞாயிறு

ஏறிக்கொண்டிருக்கும்போதே வாத்தியார் சொல்லாமல் கொள்ளாமல் கம்பியைக் கழற்றிவிட்டார். கம்பி அறுந்தால் என்ன செய்வேன் என்று பார்க்கிறாராம். ஒரு கணம் அப்படியே தொங்கினோம். யோசிக்கவில்லை, குச்சியை முன்னால் தள்ளி மூக்கைக் கீழே இறக்கினேன், வேகம் வந்தது, நேராகப் போய் இறங்கினேன். "இனிமே உங்களுக்கு நான் பாரம்" என்றார் வாத்தியார்.

ரயிலில் இவர் வேர்க்கடலை வாங்கி, தோலை ஊதி ஊதி என் கையில் கொட்டினார். தனக்கு ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை.

5-3-73, திங்கள்

இவருடைய அண்ணன் பொன்ராஜ் அத்தான் வீட்டில் மகளுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டுப் பெண்கள் கூடம் நிறைய. அத்தானின் மனைவி சுந்தரவல்லி அக்கா, எல்லோர் முன்னாலும்: "ஏ தங்கம், கொழுந்தனாரு வானத்துல பறக்காகளாமே! நீ கீழ நின்னு சோத்துப் பொட்டலத்துக்குக் காவலாக்கும்?"

பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தேனா?

"பறக்கது நாந்தான் அக்கா. அவுக ஒரே தடவ ஏறினாக. அதுலயும் கண்ண மூடிக்கிட்டாக. எறங்கி வாந்தி வேற."

கூடமே சிரித்தது. வாசல் பக்கமிருந்து அத்தான், தம்பியைப் பார்த்து: "எலே ரத்தினம், கண்ண மூடிக்கிட்டு ஓட்டுத பிளேனும் இருக்கால?"

வெற்றிலைத் தட்டோடு இவர் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்க்காமல் இருந்திருந்தால் தேவலை.

6-3-73, செவ்வாய்

காலையில் கடைச் சாவியை எடுத்துக்கொண்டே சொன்னார்: "நீ பறக்கதுல எனக்கு வருத்தமில்ல. ஒங்கிட்ட மட்டும் சொன்னத நாலு பேர்ட்ட வித்துட்ட."

சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். வித்துட்ட. வித்துட்டேன்தான். எதற்கு? ஒரு சிரிப்புக்கு.

11-3-73, ஞாயிறு

வரவில்லை என்றார். நானும் போகவில்லை.

13-3-73, செவ்வாய்

ஷரஃபுதீன் பாய்: "இன்னாம்மா, அண்ணாச்சி கண்ணு தொறந்துக்கினாரா?" பக்கத்துக் கடைக்காரர்களும் சிரித்தார்கள். வாழைப்பழம் வாங்கப் போனவள் வாங்காமலே திரும்பினேன்.

சரக்கு எடுக்கத் தூத்துக்குடி போகிறேன், தங்கச்சி வீட்டில் தங்குவேன் என்று இவர் ராத்திரி ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். பாத்திரம் எடுக்க எப்போதும் கும்பகோணம்தான் போவார்.

18-3-73, ஞாயிறு

தனியாக ரயில் ஏறிப் போனேன். வெயில் ஏறிவிட்டால் காற்று முரட்டுத்தனமாக ஆகிவிடுமாம். அடுத்த ஞாயிறோடு வகுப்பை மூடுகிறார்கள். "அன்னிக்கு நீங்க தனியா போறீங்க. இல்லேன்னா மழைக்கு அப்புறம்தான்" என்றார் வாத்தியார்.

தூத்துக்குடிக்கு எழுதினேன். அடுத்த ஞாயிறுக்குள் வந்துவிடுங்கள் என்று மட்டும்.

23-3-73, வெள்ளி

தபால் இல்லை. ஜெயபாரதி கேட்கிறாள், அப்பா எப்ப வருவாங்க என்று.

மயிலாப்பூர் போனேன். இவர் மனம் ஆற வேண்டும் என்று கற்பகாம்பாளிடம் கேட்கத்தான் போனேன். தீபாராதனை காட்டும்போது வாயில் வந்தது, ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்று அடிக்க வேண்டும் என்பது. தாயே, நான் என்ன பிறவி?

25-3-73, ஞாயிறு

பறந்தேன். தனியாக.

எடை போதாதென்று என் சீட்டுக்கு அடியில் மணல் மூட்டை வைத்துக் கட்டினார்கள். இறக்கையைப் பிடித்தது ஒரு கல்லூரிப் பையன். நாலு எட்டு ஓடினான், விட்டான். வலப்பக்கம் சாய்ந்தது, குச்சியால் நிமிர்த்திக்கொண்டு ஏறினேன். குமிழை இழுத்தேன். பின்னால் கத்த யாரும் இல்லை. ஏரி தெரிந்தது, ரயில் பாதை தெரிந்தது. நூல் நேராக ஓடியது. கை, கால், எல்லாம் தானாகச் செய்தன. மனசு மட்டும் கீழே மடித்துக் கட்டிய வேட்டி ஒன்றைத் தேடிக்கொண்டே இருந்தது — இல்லை என்று தெரிந்தும்.

பனைமரத்தைப் பார்த்து இறக்கினேன். மெத்தென்று.

பாஷா ஓடி வந்தார். "சோக்கா எறக்கிட்டம்மா! அண்ணாச்சி எங்க, காணோம்?"

"ஊர்ல."

"அடடா, இத்த பாக்காம போய்ட்டாரே!"

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

28-3-73, புதன்

தூத்துக்குடிக்கு இன்று எழுதிப் போட்ட கடிதம். எதை எழுதிக் கொடுத்தாலும் பிரதி வைப்பது எங்கள் கடை வழக்கம், இதையும் வைக்கிறேன்.

"அன்புள்ள உங்களுக்கு, தங்கபுஷ்பம் எழுதுவது. ஜெயபாரதி நலம். நேற்று சுந்தரவல்லி அக்கா வீட்டுக்குப் போனேன். சம்பந்தியம்மாவும் இருந்தார்கள். பயந்த பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் அதே இடத்துக்கு வந்து எனக்காக ஓடினவுக அவுகதான், எனக்கு அந்த மனசு வராது என்று இருவரிடமும் சொன்னேன். 'அத அன்னிக்கே சொல்லியிருந்தா என்னட்டி' என்றாள் அக்கா. அவள் சொன்னது சரி. ஷரஃபுதீன் பாயிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பறந்தேன். உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வரவில்லை. அன்று கூடத்தில் சொன்னதற்குக் கேட்கிறேன்.

கடையை வேலைக்காரப் பையன்தான் திறக்கிறான். நீங்கள் எந்தத் தேதிக்கு வீட்டுக்கு வருகிறீர்கள்? வேறொன்றும் எழுத வேண்டாம். தேதியை மட்டும் ஒரு கார்டில் போட்டுச் சீக்கிரம் பதில் அனுப்புங்கள்."