யாரோ ஒரு நடராசா

1991, ஒக்டோபர் 7, திங்கள்

காலையிலிருந்து மழை. லண்டன் பிளேஸ்டோ முழுக்க ஈரம். ஹீட்டருக்கு முன் கதிரையில் பிள்ளையின் நப்பித் துணிகள் காய்கின்றன. வாங்க வேண்டியவை: பால்மா, கரண்ட் மீற்றருக்குச் சில்லறை, பிள்ளை பெற்ற உடம்புக்குச் சாந்திக்குச் சரக்குத் தூள்.

பிள்ளையின் பிறப்பைப் பதிய அடுத்த திங்கள் நேரம் தந்திருக்கிறார்கள். பால் கொடுத்தபடியே சாந்தி கேட்டாள். "பிள்ளைக்குச் சேர்நேம் எண்டு கடைசிப் பேர் என்ன குடுக்கிறது? நடராசாவோ?"

ஏஜென்ட் தந்த பாஸ்போட்டில் நான் நடராசா ரவீந்திரன். லண்டனில் விசா, வேலை எல்லாம் அந்தப் பெயரில்தான். நடராசா யாரென்று எனக்குத் தெரியாது. அந்த மனுசனின் பேத்தியாக என் மகள் வளரப் போகிறாள்.

ஒக்டோபர் 9, புதன்

கடையில் அரிசிச் சாக்குக் கிழிந்து பாதி நிலத்தில். கையால் அள்ளிக்கொண்டிருந்தேன். முதலாளி அண்ணை: "உனக்கென்ன விசரே? கூட்டிக் கொட்டு!"

அவருக்கு எப்படிச் சொல்வது. பாஸ்போட் சரிவரும்வரை ஏஜென்ட் என்னை ஒளித்துவைத்த ஊர் ஞாபகம். தாய்லாந்தின் வடக்கு மலையில், அக்கா என்ற இனத்து ஊர். விடிய முன்னரே பெண்கள் காலால் உலக்கை மிதிக்கும் சத்தம். மூங்கில் குழாயில் தண்ணீர். வெள்ளிக் காசு தைத்த தொப்பியோடே சரிவில் களை பிடுங்கப் போவார்கள். நானும் போனேன், இடுப்பு முறிந்தது. அறுவடைக்கு முந்திய மாதங்களில் வீட்டில் அரிசி இராது. மூங்கில் தரை இடுக்கில் விழுந்த மணியையும் வீட்டுக்காரன் ஆஸோவின் மனைவி நகத்தால் கிளறி எடுப்பாள். எனக்குச் சோறு, அவர்களுக்குச் சோளமும் பூசணியும். வேண்டாமென்றால் கோபம் வரும்.

ஒக்டோபர் 10, வியாழன்

பல் வலி. சொந்தப் பெயருக்கு மாறலாமோ என்று முதலாளி அண்ணையிடம் கேட்டேன். "வாயைத் திறந்து போடாதை. குரோய்டனிலை இமிகிரேசன் கந்தோரிலை உன்ரை ஃபைல் கிடக்கு. கிளறினால் குடும்பத்தோடை திருப்பி அனுப்புவாங்கள்." அவர் சொல்வதும் சரிதான். பயம்.

ஒக்டோபர் 12, சனி

சாந்தி நல்ல நித்திரை. பிள்ளை என் மடியில்.

அந்த ஊரில் ஆண்கள் தகப்பன்மாரின் பெயர்களை முதல் மனிதன்வரை பாடமாகச் சொல்வார்கள். தகப்பன் பெயரின் வால்தான் பிள்ளை பெயரின் தலை. அப்படியே கொழுவிக்கொண்டு போகும். வேற்றூரான் வந்தால் இருவரும் சொல்லிப் பார்த்து, எந்தப் பாட்டனில் சொந்தம் என்று தேடுவார்களாம். ஒரு மழை நாள், நெருப்பருகே ஆஸோ என்னையும் கேட்டான். ஏஜென்ட் பாடமாக்கச் சொன்னதைச் சொன்னேன்: நடராசா, ரவீந்திரன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான். கொழுவவில்லை. எங்கள் இருவருக்கும் தெரிந்த அரைகுறைத் தாய்லாந்து மொழியில், இது உன் அப்பா இல்லை என்று சிரித்தான்.

உண்மையைச் சொன்னேன்: அப்பா முத்துக்குமாரு, நான் குமாரவேல். தொடையில் தட்டி எழும்பினான். இவர்தான், இவர்தான்! மனைவியைக் கூப்பிட்டு எனக்கு முட்டை அவிக்கச் சொன்னான். அந்த வீட்டில் முட்டை எப்போதாவது ஒருநாள்தான்.

அதற்குப் பிறகு என் பெயரைச் சாந்தியைத் தவிர ஒருவருக்கும் சொன்னதில்லை.

ஒக்டோபர் 13, ஞாயிறு

சாந்திக்கு ஆஸோவின் கதை எல்லாம் சொன்னேன். அவளுக்கு நிரோஷா என்று வைக்க ஆசை. "வேல்விழி எண்டு வைப்பமே?" என்றேன். யோசித்தாள். பிறகு சிரித்தாள். "பிள்ளையைக் கொண்டுபோய் உங்கட வாலிலை கட்டப் போறியள். சரி, வையுங்கோ. சேர்நேம்?"

"நடராசாதான். வேற என்ன செய்ய ஏலும்?"

ஒக்டோபர் 14, திங்கள்

வெயில்! பதிவுக் கந்தோர். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட வெள்ளைக்காரி. தகப்பன் பெயர் கேட்டாள், நடராசா ரவீந்திரன் என்றேன். பிள்ளை பெயர் வேல்விழி. சேர்நேம்? எங்கள் பெயர்களில் எது முன், எது பின் என்று அவளுக்குக் குழப்பம். தகப்பனுடையதாகத்தான் இருக்க வேண்டுமென்றில்லை, நீங்கள் விரும்பிய எதையும் வைக்கலாம் என்றாள்.

எதையும்.

"குமாரவேல்," என்றாள் சாந்தி.

அது யார் என்று வெள்ளைக்காரி கேட்டாள். எங்கள் வீட்டுச் சாமி என்று சாந்தி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். சாந்தியின் முகத்தில் ஒரு அசைவில்லை. அழகான பெயர் என்று சொல்லி எழுதிக்கொண்டாள் வெள்ளைக்காரி.

பஸ்ஸில் சாந்தி: "சாமி, நப்பி பாக்கை நீங்கள் தூக்குங்கோ." சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வீடு. கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளையைத் தூக்கி, காதோடு, ஆனால் வாய்விட்டு: முத்துக்குமாரு. குமாரவேல். வேல்விழி.

கொட்டாவி விட்டாள்.