விமானத்துக்குப் போன நரைமுடி

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். போன கடிதத்தில் எழுதிய சுகத்தில் பாதி பொய், இதில் கலப்படம் இல்லை. உன் இருமல் நின்றதா, இரவுப் பணி முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் தூங்குகிறாயா என்று முதலில் எழுது.

நீ அனுப்பிய மாடல் விமானப் பெட்டி வந்த அன்று அப்பா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். பக்கவாதம் வந்து வலது கை சொன்னபடி கேட்காமல் போனதிலிருந்து மாடல் செய்கிற மேசைப் பக்கமே அவர் போகவில்லை, கரண்டி பிடிக்க முடியாதவனுக்கு இரட்டை இறக்கைப் போர்விமானம் ஒன்றுதான் குறைச்சலாக்கும் என்று பெட்டியை அலமாரி மேல் ஏற்றச் சொல்லிவிட்டார். எனக்கும் உன் மேல் கோபம்தான். இனி அந்தக் கை அவ்வளவுதான் என்று அவரே முடிவு கட்டிவிடுவாரோ என்று பயந்தேன். பிறகு ஒருநாள், பாகங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க மட்டும் பெட்டியை இறக்கச் சொன்னார். பார்க்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வெட்டுவது, ஒட்டிய கோடு தெரியாமல் உப்புத்தாளால் தேய்ப்பது எல்லாம் இடது கையாலேயே நடந்தது. வர்ணத்துக்குத்தான் வலது கையை இறக்கினார், முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு. தூரிகையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, காய்ந்ததும் காயாததுமாக லேசாகத் தட்ட வேண்டுமாம், அப்போதுதான் எஞ்சின் புகைக்கறை வருமாம். உன் அண்ணன் எட்டிப் பார்த்து, நடுங்குகிற கைக்குத்தான் புகை நிஜமாக வருகிறது என்று சொல்லிவிட்டான். நான் பதறிப்போனேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று தெரியுமா, அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே இழுத்துக் கட்டிய கம்பிகள் உண்டே, அவை பெட்டியில் வராது, நாமே செய்துகொள்ள வேண்டும். மிச்சப் பிளாஸ்டிக்கை மெழுகுவர்த்தியில் காட்டி இரண்டு கையாலும் சீராக இழுத்தால் நூல் மாதிரி நீளும். இவருக்கு முடிச்சு முடிச்சாகத்தான் வந்தது. தள்ளி வைத்துவிட்டார், எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் என் தலையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் கூந்தலை அவர் இவ்வளவு கவனித்தது இதுதான் முதல் தடவை. நரைமுடி வேண்டுமாம், இரும்பு நிறத்துக்கு அதுதான் பொருத்தமாம், இனிமேல் சாயம் போடக் கூடாதாம். எவள் புருஷனாவது இப்படிக் கேட்பானா? பிடுங்கிக் கொடுத்தேன். மேல் இறக்கையில் ஒரு துளி பசை வைத்து ஒட்டி, கீழ் இறக்கையின் ஊசித் துளை வழியாக முடியை வெளியே எடுத்து நுனியில் துணிக் கிளிப்பைத் தொங்கவிட்டால் விறைப்பாக நிற்கும். துளைக்குள் நுழைப்பதுதான் பெரும்பாடு. வலது கையால்தான் நுழைப்பேன் என்று ஒரே பிடிவாதம், இடுக்கி துளையைச் சுற்றிச் சுற்றி வருகிறது, பொறுக்க முடியாமல் நான் அதை அவர் கையிலிருந்து வாங்கப் போனேன். "நீ முடிய மட்டும் குடு. கை என்னோடது" என்றார். நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். நுழைந்தது. நேற்று கடைசிக் கம்பியும் நின்றது. இப்போது விமானம் கூடத்தில் இருக்கிறது, தூசி தட்டக்கூட எனக்கு அனுமதி இல்லை.

அடுத்ததாகக் குண்டுவீச்சு விமானம் வேண்டுமாம். கம்பி இல்லாததாகப் பார்த்து அனுப்பு, என் தலையில் கொஞ்சமாவது மிஞ்சட்டும். நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி மகராசியாக இரு.

இப்படிக்கு,
வழுக்கையாகிக்கொண்டிருக்கும் உன் அம்மா

மறந்துவிடாதே, இந்த உறையைக் கிழித்துப் போட்டிருந்தால் குப்பையிலிருந்து எடுத்துப் பார். விலாசம் எழுதியது அப்பா, வலது கையால்.